ஆறாவது கத்தி

துணி சுற்றியிருந்தும் தெரிந்துவிட்டது. மற்ற ஐந்து பெண்கள் கையிலும் கத்தி வெறும் கத்தியாக இருக்கிறது. இந்த அம்மாள் கையில் மட்டும் கைப்பிடியைச் சுற்றி ஒரு பழைய சேலைக் கிழிசல், ஊதாவில் வெள்ளைப் புள்ளி, அதற்கு மேல் இரண்டு ரப்பர் பேண்டு. கைப்பிடிக்குத் துணி சுற்றினால் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இருபத்திரண்டு வருஷமாக மடக்குக் கத்திக்குக் கைப்பிடி போட்டுத்தான் சாப்பிடுகிறேன். கைப்பிடி கடிக்கிறது, அதுதான் அர்த்தம். கடிக்கிற கைப்பிடி எங்கள் சேலத்துப் பட்டறையிலிருந்து வெளியே போகாது, நான்தான் கடைசிக் கை, என்னைத் தாண்டித்தான் எதுவும் பெட்டிக்குள் விழும் என்று நான் எத்தனை பேரிடம் பீற்றியிருப்பேன். டீக்கடையில், கல்யாணப் பந்தியில், போன மாதம் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட. மாப்பிள்ளையின் அப்பா பாவம், கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரிவிட் ஆணியைப் பற்றி அரை மணி நேரம் கேட்டார். இப்போது கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம் ஒரு மாங்கன்றுப் பண்ணையில், பச்சை வலைக் கொட்டகைக்குக் கீழே, கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடையின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். கூடையின் கட்டங்கள் தொடையில் பதிகின்றன. மணி பதினொன்று இருக்கும். பக்கத்தில் சாக்கு விரித்து அந்த அம்மாள் உட்கார்ந்து ஒட்டுக் கட்டுகிறாள். மாதம்மாள் என்று பெயர். என் வயதுதான் இருக்கும், அல்லது இரண்டு குறைவு.

மேஸ்திரி முனிரத்தினம் அவளைக் காட்டிவிட்டுப் போனபோது அவள் காதில் விழும்படியேதான் சொன்னார். "இவங்கதாங்க. நாளைக்கு நானூறு கன்னு கட்டினவங்க. இப்ப எரநூறு தாண்டறதில்ல. கட்டினதுலயும் பாதி பட்டுப் போவுது. கேட்டா கத்தி சரியில்லைன்றாங்க. ஆறு கத்தி வாங்குனோம், மத்த அஞ்சு பேரும் ஒண்ணும் சொல்லலியே. நீங்களே கூட ஒக்காந்து பாருங்க. சோத்து மணிக்கு நான் வந்து கையெழுத்து வாங்கிக்கறேன்." கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் என் சட்டைப் பையில் இருக்கிறது. எங்கள் முதலாளி நேற்றே அடித்துக் கொடுத்துவிட்டார், இந்தப் பண்ணை இன்னும் நூறு கத்தி கேட்டிருக்கிறது, அதற்குள் இந்தப் புகார் தீர வேண்டும். கருவியில் குறை எதுவும் இல்லை, கையாளுபவரின் கைப்பழக்கமே காரணம் என்று சோதித்து அறியப்பட்டது. கீழே இரண்டு கோடு. ஒன்று எனக்கு, ஒன்று மேஸ்திரிக்கு. சோதித்து அறியப்பட்டது என்று சோதிப்பதற்கு முந்தின நாளே அடித்திருக்கிறார்கள், அதைப் பஸ்ஸில் படித்துவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். "போய் ஒரு மணி நேரம் ஒக்காந்துட்டு வா சீரங்கா. நம்ம சரக்குல என்ன குறை இருக்கப் போவுது, நீ இருக்கற எடத்துல" என்றார் முதலாளி. எனக்குக் குளிர்ந்துபோயிற்று. தர்மபுரி தாண்டும் வரைக்கும் அந்தக் குளிர்ச்சி இருந்தது. இந்தக் காகிதத்தில் கையெழுத்து விழுந்தால் மாதம்மாளை நாளையிலிருந்து பைக்கு மண் நிரப்ப அனுப்பிவிடுவார்கள். அதையும் மேஸ்திரியே சொன்னார். ஒட்டுக் கட்டுகிறவர்கள் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள், மண் நிரப்புகிறவர்கள் அதோ அங்கே, வலை இல்லாத இடத்தில், வெயிலில், சின்னப் பெண்களோடு.

அவள் ஒரு கன்றை எடுக்கிறாள். வேர்க்கன்று, பென்சில் கனம். தலையைச் சீவி எறிகிறாள். நடுவில் கத்தியை வைத்து இரண்டாகப் பிளக்கிறாள். நல்ல மரத்திலிருந்து வெட்டி வந்த குச்சியை எடுத்து அடியை இரண்டு பக்கமும் சீவி ஆப்பு மாதிரி செய்கிறாள். பிளவுக்குள் ஆப்பைச் சொருகி, பிளாஸ்டிக் நாடாவால் சுற்றுகிறாள். இவ்வளவுதான் வேலை, ஆனால் அந்தச் சீவலை ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும் போலிருக்கிறது. பக்கத்து வரிசைப் பெண் ஒரே இழுப்பில் இழுக்கிறாள், சர்ரென்று, நாக்கு மாதிரி வழவழவென்று வருகிறது. இவள் இழுக்கும்போது பாதியில் கை நிற்கிறது. நின்று, மறுபடி இழுக்கிறது. நின்ற இடத்தில் ஒரு சின்னப் படி விழுகிறது. அவள் அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்க்கிறாள், வெளிச்சத்துக்குக் காட்டுகிறாள். நானும் இதைத்தானே செய்கிறேன். கைப்பிடி மரத்துக்கும் பித்தளைத் தகட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்கிறது. வெளிச்சம் தெரிந்தால் கத்தி திரும்பிப் போக வேண்டியதுதான். சில பட்டறைகளில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அந்த இடுக்கில் அப்பி மெருகு போட்டுவிடுவார்கள், ஆறு மாதம் யாருக்கும் தெரியாது. நான் அந்த வேலை செய்ததில்லை, அதுவும் என் பீற்றல்களில் ஒன்று. இந்த அம்மாள் இடுக்கில் எதை அப்ப முடியும்? சீவலில் படி இருந்தால் குச்சியும் கன்றும் ஒட்டாது, இருபது நாளில் இலை சுருண்டு காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு கன்றுக்கும் மேஸ்திரி வந்து எண்ணுவார். அவள் அந்தக் குச்சியை எறிந்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். என் பக்கம் திரும்பி, "கத்தி நல்ல கத்திதாண்ணா, பதம்லாம் சூப்பரா இருக்குது" என்றாள். நான் வருத்தப்படுவேன் என்று எனக்கு ஆறுதல் சொல்கிறாள்.

பதம் என் வேலை இல்லை அம்மா. இரும்பு வேறொருத்தன் வேலை, பதம் வேறொருத்தன் வேலை. நீ துணி சுற்றி மறைத்திருக்கிறாயே, அதுதான் என் வேலை. இதைச் சொல்ல வேண்டியதுதானே. "அப்படிங்களா" என்றேன். அப்படிங்களா, என்ன ஒரு பதில். கொட்டகையின் அந்தக் கோடியில் தண்ணீர் மோட்டார் ஓடுகிறது. மாம்பால் வாசனை, மண்ணெண்ணெய் மாதிரி ஒரு நெடி, மூக்குக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. துணியை அவிழ்த்துக் காட்டச் சொல்லலாம். சொன்னால் பார்க்க வேண்டி வரும். பார்த்தால் எந்தக் கத்தி என்று தெரிந்துவிடும். ஆறுமே ஈட்டி மரம்தான், ஆனால் ஒன்றில் மட்டும் வெளிறின ஒரு கோடு, வாழைநார் அகலத்துக்கு, அடியிலிருந்து பூண் வரைக்கும் ஓடும். அந்தக் கோடு இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். வேறு கத்தியாக இருக்கும், இவள் கீழே போட்டிருப்பாள், கல்லில் அடித்திருப்பாள், பெண்பிள்ளைகள் தேங்காய் உடைக்கக்கூடக் கத்தியின் பின்பக்கத்தைத்தான் எடுப்பார்கள். இப்படி நினைக்க எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது.

அந்தக் கோடு போட்ட கத்தி கையில் இருந்தபோதுதான் அவர்கள் வந்தார்கள். ஐப்பசி மாதம், மழை விட்டு வெயில் அடித்த காலை. இந்தப் பண்ணைக்குப் போக வேண்டிய ஆறு கத்தியையும் வரிசையாக வைத்து நான் கடைசிச் சோதனை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் சோதனை கையால் இல்லை. கையால் பார்த்தால் தெரியாது. மெருகுச் சக்கரத்தில் பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் காய்த்துப்போயிருக்கும், என் கட்டைவிரலில் எரிகிற பீடியை வைத்தாலும் யோசித்துத்தான் சுடும். ஆணி ஒரு மயிரிழை தூக்கிக்கொண்டிருந்தால் அந்த விரல் சொல்லாது. அதனால் கீழுதட்டில் ஓட்டிப் பார்ப்போம். உதட்டுக்குக் காய்ப்பு ஏது? ஆணித் தலை, பூண் விளிம்பு, மரமும் தகடும் சேருகிற இடம் எல்லாவற்றையும் உதடு சொல்லிவிடும். ஐந்து முடிந்தது. ஆறாவதை எடுத்து வாயருகே கொண்டுபோகிறேன், முதலாளி ஏதோ கல்லூரியிலிருந்து எட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே வருகிறார். பட்டறையைச் சுற்றிப் பார்க்கிறார்களாம். அதில் ஒன்று, ஒல்லியாக, கண்ணாடி போட்ட பெண், பக்கத்தில் இருந்தவளிடம், "ஏய், அந்த அங்கிள் கத்திக்கு முத்தம் குடுக்கறாருடி" என்றது. எட்டும் சிரித்தன. முதலாளியும் சிரித்தார். மெருகு போடுகிற ஜீனத், நான் ஒரே ஆணிக்குப் பதினொரு தடவை திருப்பிக் கொடுத்து அழ வைத்தவள், அவளும் முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சும்மா சிரிப்பு, யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. எனக்குக் காது இரண்டும் சுட்டது. நாற்பத்தெட்டு வயது ஆள், அந்தப் பெண்கள் வயதில் எனக்கு மகள் இருக்கிறாள். கத்தியைக் கீழே இறக்கினேன். கட்டைவிரலால் ஒரு தடவு தடவினேன். சரியாக இருக்கும் என்று பெட்டியில் போட்டேன்.

இருக்கும் என்று. இருக்கிறது என்று இல்லை. அன்றைக்கு எனக்கு மனசில் ஒரு முள் குத்தியது, பின்பக்க ஆணியில் என்னவோ ஒன்று இருந்த மாதிரி, விரல் சொல்லவில்லை, ஆனால் விரலுக்குப் பின்னால் எதுவோ சொன்னது. பெட்டி சாயங்காலம் ஐந்து மணிவரை திறந்துதான் இருந்தது. நான் இரண்டு தடவை அந்தப் பக்கம் போனேன், ஒரு தடவை தண்ணீர் குடிக்க, ஒரு தடவை சும்மா. எடுத்து ஓட்டிப் பார்க்க ஒரு நொடி. ஜீனத் பார்ப்பாளே என்று எடுக்கவில்லை. சத்தியமாக அவ்வளவுதான் காரணம். சோம்பல் இல்லை, அவசரம் இல்லை, கண் தெரியாமல் இல்லை. ஒரு பெண் சிரித்துவிடுவாள் என்று. மறுநாளிலிருந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு ஓட்டிப் பார்க்கிறேன், ஒரு கத்தியையும் விடுவதில்லை. ஆறாவதைப் பற்றி மறந்தே போனேன் என்று சொல்லலாம், மறக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம் பேசும்போது நடுவில் ஒரு நிமிஷம் ஞாபகம் வந்தது. வந்தும் பேச்சை நிறுத்தவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"கையைக் கொஞ்சம் காட்டுங்கம்மா" என்றேன். நான்தான் சொன்னேனா என்று எனக்கே சந்தேகம். அவள் கையை மூடிக்கொண்டாள். மேஸ்திரி எங்கே நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தாள். அவர் தூரத்தில் யாருக்கோ போனில் கத்திக்கொண்டிருந்தார். மடியில் வைத்து, மற்றவர்களுக்குத் தெரியாமல், விரித்தாள். மோதிர விரலுக்குக் கீழே உள்ளங்கையில் ஒரு குழி. கொப்பளம் வந்து உடைந்து, மறுபடி வந்து உடைந்து, ஓரமெல்லாம் தடித்து வெள்ளையாக, நடுவில் சிவப்பாகச் சதை. அந்தச் சிவப்பில் மாம்பால் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. மாம்பால் நல்ல தோலிலேயே பொசுக்கும். "ராவுல கை எரியும்ணா, தண்ணி தொட்டில வெச்சுக்குவேன்" என்றாள். யாரிடமும் சொல்லவில்லையாம். சொன்னால் கை போய்விட்டது என்று நிழலிலிருந்து எழுப்பிவிடுவார்கள். சர்க்கரை வியாதியாக இருக்கும், அதனால்தான் புண் ஆறவில்லை என்று ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துப் பார்த்தாளாம். சர்க்கரை இல்லை என்று சொல்லிவிட்டார்கள், அவள் நம்பவில்லை, சோற்றை விட்டுவிட்டு இரண்டு மாதமாகக் களிதான் தின்கிறாளாம். "இருவது வருசம் இதே வேலைதாண்ணா. ஒரு கத்தி என்னைக் கடிச்சதில்ல. மொதல்ல கத்தி மேலதான் பழி போட்டேன். அப்பறம் பாத்தா மத்தவங்களுக்கெல்லாம் நல்லாத்தானே இருக்குது. எனக்கு மட்டும் என்னா, என் கைதான் தளந்து போச்சு." சொல்லிவிட்டு வெட்கப்பட்ட மாதிரி சிரித்தாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்கிறார்களே, அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் ஒரு முழ தூரம்தான் இருந்தது, ஒரு சாக்கும் ஒரு கூடையும். இப்போது சொல் என்று எனக்குள் ஒருத்தன் சொன்னான். இப்போது சொன்னால் என்ன ஆகும் என்று இன்னொருத்தன் கணக்குப் பார்த்தான். முதலாளி முகம் எப்படிப் போகும், ஜீனத் என்ன சொல்வாள், ஏன் பார்க்காமல் விட்டாய் என்று கேட்டால் என்ன பதில். முத்தம் என்று சிரித்தார்கள், அதனால் விட்டேன் என்று சொல்வதா? இவளுடைய கையைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்ல வேண்டும்.

சொல்லவில்லை. அதற்குப் பதிலாக எனக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. கோழைக்கு எப்போதும் நல்ல யோசனை வரும். "கத்தியைக் குடுங்கம்மா, கொஞ்சம் எண்ணெய் போட்டுத் தர்றேன்" என்றேன். அவள் ரப்பர் பேண்டைக் கழற்றித் துணியைச் சுருட்டி இடுப்பில் சொருகிக்கொண்டு கொடுத்தாள். வெளிறின கோடு. அடியிலிருந்து பூண் வரைக்கும். நான் எழுந்து கொட்டகைத் தூணுக்கு அந்தப் பக்கம் போய், எல்லாருக்கும் முதுகு காட்டிக்கொண்டு, கீழுதட்டில் ஓட்டினேன். பின்பக்க ஆணியில் உதடு தட்டியது. ஒரு மயிரிழை. அதைவிடவும் குறைவு. ஒரு நொடியில் தெரிந்தது, மூன்று மாதத்துக்கு முன்னால் செலவு செய்திருக்க வேண்டிய அதே ஒரு நொடி. மரத்தில் ஊறியிருந்த மாம்பால் உதட்டில் பட்டு மிளகாய் மாதிரி எரிந்தது. எரியட்டும் என்று துடைக்காமல் நின்றேன், அதில் எனக்கு ஏதோ தண்டனை அனுபவிக்கிற மாதிரி ஒரு திருப்தி, அந்தத் திருப்தியும் அசிங்கமாக இருந்தது. பையிலிருந்து சின்ன அரத்தை எடுத்தேன். ஆணித் தலையை ராவினேன். உப்புத்தாள் போட்டேன், முதலில் சொரசொரப்பு, பிறகு நைசு. பூண் விளிம்பையும் ஒரு சுற்று மழுக்கிவிட்டேன். வேட்டியில் தேய்த்து மெருகு ஏற்றினேன். பித்தளைத் தூளை ஊதிவிட்டேன், பட்டறைப் பழக்கம், செய்த வேலை தெரியாமல் செய்வதுதானே கடைசிக் கையின் வேலை. ஐந்து நிமிஷம். மறுபடி உதட்டில் ஓட்டினேன், எரிச்சலுக்கு நடுவிலும் உதடு சொன்னது, ஒன்றும் இல்லை என்று. இவ்வளவு நல்ல கைப்பிடி நான் போட்டதே இல்லை என்று ஒரு கணம் தோன்றியது. பெருமை. அந்த இடத்திலும் எனக்குப் பெருமை வந்தது. இனி சொல்ல வேண்டாம், கத்தி சரியாகிவிட்டது, கை ஆறிவிடும், இவள் மறுபடி நானூறு கட்டுவாள், யாருக்கும் ஒன்றும் தெரியாது. கை ஆற எத்தனை நாள் ஆகும்? அதற்குள் அவள் வெயிலில் மண் நிரப்பிக்கொண்டிருப்பாள். சட்டைப் பையில் காகிதம் வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மணி அடித்தார்கள், தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் இரும்பால் தட்டுகிற மணி. பெண்கள் எழுந்து தொட்டிக்குப் போனார்கள். மேஸ்திரி பேனாவைத் திறந்துகொண்டே வந்தார். "பாத்துட்டீங்களா?" மாதம்மாள் எழுந்து நின்று சேலையைத் தட்டினாள், கையை மூடி வைத்திருந்தாள். அந்த மூடின கையைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் சொல்ல வரவில்லை. "பாத்தேங்க. குறை அவங்க கையில இல்லைங்க. கத்தியிலதான்" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. "பின்னாடி ஆணி தூக்கிட்டு இருந்துச்சு. அதுதான் கையைக் குடைஞ்சிருக்குது. போட்டவன் நான்தான். பாக்காம பெட்டியில போட்டவனும் நான்தான்." மேஸ்திரி கத்தியை வாங்கினார். கைப்பிடியின் மேல் விரலை ஓட்டினார், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். "எங்கங்க தூக்கிட்டு இருக்குது? கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்குதே." நான், "இப்ப இல்லைங்க. இப்பத்தான் ராவிவிட்டேன்" என்றேன். "எப்ப?" "அந்தத் தூணுக்குப் பின்னாடி." தூணைக் கையால் காட்டினேன். தூணுக்குப் பின்னால் செம்மண்தான் இருந்தது. மேஸ்திரி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என் தோளில் கை போட்டுத் தள்ளிக் கூட்டிப்போனார். "உங்க மனசு புரியுதுங்க. வயிறு காஞ்ச பொம்பள, பாவம்னு தோணுது. எனக்கும்தான் தோணுது. அதுக்காக உங்க பேரை நீங்களே கெடுத்துக்குவீங்களா? மத்த அஞ்சு கத்தியும் நானே புடிச்சுப் பாத்தேன், இதே மாதிரிதான் இருக்குது." நான், "ஐயோ இல்லைங்க, நெசமாத்தாங்க" என்றேன். அவர் சிரித்தார். "சரி, நீங்க கையெழுத்துப் போட வேணாம். இந்தம்மாவை மாத்தறதுக்கு எனக்குக் காயிதம் எதுக்கு?" பேனாவை மூடிச் சட்டையில் சொருகிக்கொண்டு, "நூறு கத்திக்கு எங்க மொதலாளி கிட்ட நானே நல்லதா சொல்றேன். உங்கள மாதிரி ஆளு இருக்கற எடத்துல சரக்கு சோடை போவாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் திரும்பி வந்தபோது மாதம்மாள் கத்தியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு குச்சியை எடுத்து, ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். முகம் சுளித்தது. புண் பழைய இடத்திலேயேதானே இருக்கிறது, வழவழப்பான ஆணியும் அதன் மேல்தான் அழுத்தும், இன்னும் ஒரு மாதமாவது ஆகும், அது எனக்குத் தெரியும், அவளுக்கு எப்படித் தெரியும். கத்தியை மடக்கினாள். "இப்ப துணி இல்லாம புடிச்சுப் பாத்தேண்ணா. கத்தி பட்டு மாதிரி இருக்குது. அப்பவும் வலிக்குது. என் கைதாண்ணா" என்றாள். நான், "அம்மா, நான் சொன்னது பொய் இல்லம்மா. கேளுங்க, ஐப்பசி மாசம்..." என்று ஆரம்பித்தேன். அவள் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள், புண் உள்ளே இருக்க. "வேணாண்ணா. முன்ன பின்ன தெரியாத எனக்காக அவ்ளோ பெரிய பொய்யச் சொன்னீங்க. என் கூடப் பொறந்தவன் சொல்ல மாட்டான். எனக்கு இது போதும்." கண் கலங்கியிருந்தது, சந்தோஷத்தில். அவள் சாக்கில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தாள். களி உருண்டை இரண்டு, கீரைக் கடைசல். மூடியைக் கவிழ்த்து ஓர் உருண்டையை அதில் வைத்து, குழி செய்து கீரையை ஊற்றி, என் பக்கம் நகர்த்தினாள். "சேலத்துக்குப் போவணும், வெறும் வயித்தோட போவாதீங்க" என்றாள். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.